பத்து நாள் பொறுங்கள் என்றேன்

மல்லாட்டையை எந்த நாளில் பறிக்க வேண்டும் என்பதற்கு உங்களுக்கு இப்போது தனியாக வகுப்பு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். எங்கள் காலத்தில் அப்படியொரு வகுப்பு கிடையாது. பாகூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களில்தான் அந்தப் பாடத்தை நான் படித்தேன். படித்தவன் நான், நஷ்டப்பட்டவர்கள் வேறு ஆட்கள். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள் உங்களில் பலர். இதை இப்போதே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. வில்லியனூருக்கு மேற்கே இருந்த ஒரு சோதனைத் தோட்டத்தில் நான் உதவியாளன். தோட்டம் அரசாங்கத்துடையதில்லை. மல்லாட்டை வாங்கி பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பலேற்றும் ஒரு வியாபாரக் கம்பெனி அதை நடத்தியது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை, பெயர் வேண்டாம். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன்: நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர்.

அந்நாளில் எங்கும் கொடி ரகம்தான். ஆனியில் விதைத்தால் தரையோடு படர்ந்து, மார்கழி வரை நிலத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். கம்பெனிக்கு அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லை. சீக்கிரம் முதிரும் கொத்து ரகம் ஒன்றை வெளியிலிருந்து தருவித்தார்கள். செடி படராமல் நிமிர்ந்து நிற்கும். காய் எல்லாம் தூரிலேயே கொத்தாகப் பிடித்திருக்கும். இழுத்தால் கையோடு வந்துவிடும். நூறு நாளைக்குச் சற்று மேலே போனால் பறிப்பு. நான் முதன்முதலாக ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது, இது போதும், இந்தச் சீமையின் விவசாயமே மாறிவிடும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

தோட்டத்தின் தலைவர் ஒரு பிரெஞ்சுக்காரர். முசியே என்று கூப்பிடுவோம். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் பல வருஷம் மல்லாட்டையோடு கிடந்தவர். அங்கே பிடித்த காய்ச்சல் அவரை விடவில்லை, மாதத்தில் ஒரு வாரம் போர்வைக்குள் கிடப்பார். எழுந்து வந்தாரென்றால் நேராக வயலுக்குத்தான் போவார். காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். உள்ளே கறுத்திருந்தால் முதிர்ந்த காய். பருப்பை வாயில் போட்டு மென்றுகொண்டே அடுத்த பாத்திக்குப் போவார். நான் முதல் தடவை கொத்து ரகத்தைக் கொடி ரகத்துக்கு விடுகிற இடைவெளியிலேயே விதைத்து வைத்தேன். பாதி நிலம் வெறுமையாகக் கிடந்தது. அவர் திட்டவில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இங்கே நான் படுத்துத் தூங்கலாம் போலிருக்கிறதே. இந்த இடத்துக்கு யார் வரி கட்டுகிறார்கள்?" என்று தன் ஓட்டைத் தமிழில் கேட்டார். அதற்குப் பிறகு நெருக்கி விதைக்க நான் மறந்ததே இல்லை.

முதல் சோதனை கிணற்றுப் பாசனத்தில் நடந்தது. தையில் விதைத்து, சித்திரை வெயிலில் பறித்தோம். காய்ந்த மண், காய்ந்த காற்று, ஒரு குறையும் தென்படவில்லை. இரண்டாவது சோதனை குடியானவர்கள் விதைக்கிற மாதிரியே ஆனியில், மழையை நம்பி. அதையும் சரியான நாளில், புரட்டாசிக் கடைசியில், பறித்துவிட்டோம். விளைச்சல் நன்றாக இருந்தது. குறிப்பேட்டில் எல்லாம் எழுதி முடித்தேன்.

பறிப்பு முடிந்த இரண்டு வாரத்தில் நல்ல மழை பெய்தது. மண் இளகியதும், உள்ளே அறுந்து தங்கிப்போன காய்களைப் பொறுக்கப் பெண்கள் வந்தார்கள். அது அவர்களுக்கு உள்ள வழக்கம். நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். அவர்களில் ஒரு பெண், கொஞ்சம் வயதானவள், கைநிறையக் காய்களைக் கொண்டுவந்து என் முன்னே நீட்டினாள்.

"ஐயா, இத பாருங்க. இன்னா இது, பூமிக்குள்ளயே மொளச்சிப் போயிருக்குது?"

பார்த்தேன். ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளை முளை விரல் நீளத்துக்கு வந்திருந்தது. ஒன்றிரண்டில் வேரே விட்டிருந்தது.

"தப்பிக் கிடந்த காய்தானே. மழை பட்டால் முளைக்காதா?" என்றேன்.

"கொடிக்காய் மொளைக்காதுங்களே. மழையில அது பாட்டுக்குக் கெடக்கும். தை மாசம் வந்து பொறுக்குனாக்கூடத் துன்றதுக்கு ஆவும். இது பத்து நாளு தாங்கலியே."

"சரி, சரி. பொறுக்கினதை எடுத்துக்கொண்டு போ" என்றேன்.

அவள் காய்களை மடியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் அறைக்குத் திரும்பி வந்து குறிப்பேட்டைத் திறந்தேன். விளைச்சல் எழுதிய பக்கம் அழகாக இருந்தது, கீழே இரண்டு விரல் இடம் காலியாகவும் இருந்தது. எழுதவில்லை. சோதனையைச் சேராத காய்கள், பறிப்பில் தவறிய காய்கள், அவற்றை எதற்கு எழுத வேண்டும் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நியாயம் அதோடு நின்றிருந்தால் அதை அறியாமை என்று சொல்லியிருக்கலாம். அடுத்து நடந்ததுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

முசியேவுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது. ஊருக்குத் திரும்பிவிடச் சொல்லி டாக்டர் உத்தரவு. கப்பலேறுவதற்கு நாலு நாள் முன்பு என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். கொத்து ரகத்தைக் குடியானவர்களுக்குக் கொடுக்கலாம் என்ற சிபாரிசு அவர் கையெழுத்துக்காக மேசைமேல் காத்திருந்தது. ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பிறகு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பறித்த பிறகு மண்ணில் தங்கிய காய் இருக்குமே. அது என்ன ஆயிற்று?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கேள்வி என் காதில் அப்படியே இருக்கிறது. எத்தனையோ கேட்டிருக்கலாம். அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"பெண்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள், முசியே."

"நல்ல காயாக இருந்ததா?"

"நன்றாக இருந்தது. விசேஷமாக ஒன்றும் இல்லை."

கையெழுத்துப் போட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். முளைத்தது என்று சொன்னால் இன்னொரு வருஷம் சோதனை என்பார், வேண்டுமென்றே பாதியைப் பறிக்காமல் விட்டு மழையில் பார் என்பார். அதற்குள் அவர் இடத்துக்கு வேறொருவர் வருவார். வருகிறவர் என்னை வைத்துக்கொள்வாரோ மாட்டாரோ. விதை மூட்டைகள் கட்டி முடித்தாகிவிட்டது. இந்த ரகத்தை இங்கே கொண்டுவந்தவன் என்ற பேர் எனக்குக் கிடைக்கிற நேரம். இவை எல்லாம் இருந்தன. ஆனால் வாயைத் திறந்த அந்தக் கணத்தில் இவற்றில் எதையும் நான் எண்ணிப்பார்த்ததாக நினைவில்லை. பொய் அதுபாட்டுக்குச் சுலபமாக வந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.

அடுத்த வைகாசியில் விதையோடு ஊர்களுக்குப் போனேன். பாகூருக்கு மேற்கே, மடுகரைக்குப் போகிற வழியில் செம்மண்ணும் மணலும் கலந்த மேட்டு நிலம் உள்ள ஒரு கிராமம். ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே கோவிந்தசாமி என்று ஒரு குடியானவர். நாற்பது வயது இருக்கும். சொந்தமாக மூன்று காணி, ஒரு ஜோடி மாடு. அவர் விதைத்தால் அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் விதைப்பார்கள், அப்படி ஒரு மதிப்பு. அவர் மனைவி செங்கேணி. வீட்டில் விதைப் பானைகள் அவள் பொறுப்பு.

நான் காயோடு கொண்டுபோயிருந்த காய்ந்த செடி ஒன்றை கோவிந்தசாமி வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காய் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஒரு காணி இதப் போடறேன். ரெண்டு காணி நம்ம கொடியவே போட்டுக்கறேன். ஒரு வருசம் பாத்துக்கலாம்."

சரியான பேச்சு. இதைவிடச் சரியாக எந்த ஆராய்ச்சிக்காரனும் சொல்ல முடியாது. நான் விட்டேனா? அவரே மூன்றில் ஒரு பங்குதான் போட்டால் மற்றவர்கள் கால் பங்குகூடப் போட மாட்டார்களே என்று எனக்குக் கவலை.

"பாதி போட்டால் பாதி பலன்தான். தோட்டத்தில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாயிற்று. மூன்று காணியிலும் இதையே போடுங்கள்" என்றேன்.

கொத்து ரகத்துக்கு விதை அதிகம் தேவை. கம்பெனி ஒரு ஏற்பாடு செய்திருந்தது: பழைய விதையைக் கொடுத்துவிட்டுப் புதிய விதையை வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய பழைய விதை நேரே எண்ணெய்க்குப் போய்விடும். செங்கேணி ஒரு பானையை மட்டும் பின்னால் தள்ளி வைத்தாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.

"எதுக்கும்மா? இனிமேல் இந்தக் கொடியை யார் விதைக்கப் போகிறார்கள்?" என்றேன்.

அவள் கணவனைப் பார்த்தாள். கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். பிறகு தானே எழுந்து போய் அந்தப் பானையையும் தூக்கி வந்து மூட்டையில் கொட்டினார்.

அந்த வருஷம் ஆனியில் மழை ஒத்து வந்தது. நெருக்கி விதைக்க, களை எடுக்க, எல்லாவற்றுக்கும் நான் சைக்கிளில் போய் நின்றேன். இவற்றையெல்லாம் அலுக்காமல் சொல்லிக்கொடுத்தேன். எதைச் சொல்லாமல் விட்டேன் என்று உங்களுக்கே தெரியும். கொடி ரகத்தில் இலை பழுத்து உதிர்கிற வரைக்கும் அவசரமே கிடையாது, அவர்கள் கை வாகு அது. இந்தச் செடி பச்சையாக நிற்கும்போதே உள்ளே காய் முதிர்ந்துவிடும். முதிர்ந்த காய்க்கு ஈரம் பட்டால் உடனே உயிர் வந்துவிடும். அதற்கு உறக்கம் என்பதே கிடையாது. இப்போது இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். அப்போதும் இரண்டு வரிதான் ஆகியிருக்கும்.

புரட்டாசிக் கடைசியில் கோவிந்தசாமியே என்னைத் தேடித் தோட்டத்துக்கு வந்தார். துண்டில் நாலைந்து செடி கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு காயை உடைத்து உள்ளே காட்டினார். ஓட்டின் உள்பக்கம் கறுத்திருந்தது.

"பறிச்சிடலாமா தம்பி? செடி பச்சையாத்தான் நிக்குது. ஆனா காய் ஆயிட்டாப்பல இருக்குதே."

தானாகவே கண்டுபிடித்திருந்தார் அந்த மனுஷர். ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல்.

அன்று காலையில்தான் புதிய தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவர் வயலுக்கு அதிகம் போகாதவர், கணக்கும் கடிதமும் பார்ப்பவர். கம்பெனியின் பெரியவர்கள் ஊரிலிருந்து வருகிறார்கள், கொம்யூனின் மேரும், அதாவது ஊராட்சித் தலைவரும், கூட வருகிறார், பத்து நாளில் வருகை. அவர்கள் பார்க்கும்போது சாலையோரத்து வயல்களில் பயிர் நிற்க வேண்டும், பறித்த நிலத்தைக் காட்டி என்ன செய்வது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். பாதியைப் பறித்துவிட்டுப் பாதியை நிற்க வைக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சாலையோரத்தில் நாலு வரிசையை மட்டும் விடலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்பார். கேட்டால் முளைத்த காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷமே ஏன் சொல்லவில்லை என்பார். ஒரு தடவை மறைத்தவனுக்கு அடுத்த தடவை வேறு வழியே இருப்பதில்லை, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"பத்து நாள் பொறுங்கள்" என்றேன் கோவிந்தசாமியிடம். "காய் இன்னும் கொஞ்சம் கனம் பிடிக்கட்டும்."

"மேக்கால மேகம் கட்டுதே."

"ஐப்பசி பிறக்கட்டும். பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள். உங்கள் வயலைத்தான் முதலில் காட்டப்போகிறேன்."

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நான் பார்த்தேன். செடிகளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். ஊருக்குப் போய், பறிக்க வேண்டாம் என்று மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் மழை பிடித்தது. ஒரு வாரம் விடவில்லை. ஆற்றில் வெள்ளம், வில்லியனூரிலிருந்து போகிற பாதையெல்லாம் தண்ணீர். பெரியவர்கள் வரவில்லை, வருகையை ஒத்திவைத்துவிட்டதாக ஒரு சீட்டு வந்தது, அவ்வளவுதான். நான் தோட்டத்து அறையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாள் எண்ணினேன். இன்று நனைந்திருக்கும். இன்று ஓடு ஊறியிருக்கும். இன்று முளை கட்டியிருக்கும். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், ஒவ்வொரு நாளும் என் கண்முன்னே நடப்பதுபோல் இருந்தது.

மழை விட்ட அன்றே சைக்கிளைத் தோளில் தூக்கியும் உருட்டியும் போய்ச் சேர்ந்தேன். மதியம் இருக்கும். வயலில் ஊர் ஆட்கள் கூடியிருந்தார்கள். கோவிந்தசாமி முழங்கால் சேற்றில் நின்று ஒரு செடியை இழுத்தார். செடி வந்தது. காய் பாதிக்கு மேல் மண்ணிலேயே நின்றுவிட்டது. வந்த காய்களிலும் வெள்ளை வெள்ளையாக முளை. செங்கேணி மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவி அள்ளி எடுத்து முறத்தில் போட்டாள். முறம் நிறைய முளை. யாரும் கத்தவில்லை. ஒரு கிழவர் மட்டும், "இது இன்னாடா பயிரு, வவுத்துக்குள்ளயே புள்ள பொறந்துட்ட மாதிரி" என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

தேறியதை அரித்தெடுத்துக் களத்தில் காயப்போட்டார்கள். முளை கருகி, பருப்பு சுருங்கி, கசப்பேறிவிட்டது. கம்பெனிக் கிடங்கில் வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்களே கொடுத்த விதை, நாங்களே நிறுத்தச் சொன்ன பயிர். மாட்டுக்குப் போட்டதுபோக மீதியை எருக்குழியில் கொட்டினார்கள். அடுத்த வருஷம் விதைக்கப் பழைய கொடி விதையும் எவர் வீட்டிலும் இல்லை, வெளியூரில் கடன் வாங்கித்தான் விதைத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து கோவிந்தசாமியின் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து பாய் போட்டார். செங்கேணி மோர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"மழ பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவே தம்பி. உனக்கு மட்டும் தெரியுமா, இந்தக் காய் இப்பிடி மொளைக்கும்னு? குடி, மோரக் குடி."

அந்த இடத்தில் பேசாமல் குடித்துவிட்டு வந்திருந்தால் இந்த மனுஷர் கடைசிவரைக்கும் என்னை நல்லவன் என்றே நினைத்திருப்பார்.

"தெரியும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

"போன வருஷமே தெரியும். தோட்டத்தில் காய் பொறுக்க வந்த ஒரு பொம்பளை முளைத்த காயைக் கொண்டுவந்து காட்டினாள். கொடிக்காய் இப்படி முளைக்காது என்றுகூடச் சொன்னாள். நான் எழுதவில்லை. முசியே கேட்டபோதும் சொல்லவில்லை. நீங்கள் பறிக்கலாமா என்று கேட்க வந்தபோதும் சொல்லவில்லை."

செங்கேணி கதவோரத்தில் நின்றிருந்தாள். கோவிந்தசாமி கேட்டார்:

"அந்தப் பொம்பள எந்த ஊரு?"

"தெரியாது."

"பேரு?"

"கேட்கவில்லை."

"அவ பேரக்கூடக் கேக்கல நீ" என்றார். கத்தவில்லை. ஏதோ ஒன்று இப்போதுதான் அவருக்கு விளங்கியதுபோலச் சொன்னார். பிறகு, "எழுந்து போயிடு தம்பி. நான் ஏதாச்சும் சொல்லிடுவேன். போயிடு" என்றார்.

நான் உண்மையைச் சொன்னது சரியா என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது. மழை என்று நினைத்துக்கொண்டிருந்தவரை அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. விதியை நொந்துகொண்டு அடுத்த பட்டத்தைப் பார்த்திருப்பார். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். என் நெஞ்சு லேசாக வேண்டும் என்று பேசினேனோ என்னவோ. லேசாகவும் ஆகவில்லை.

அவர் மாட்டை விற்றார். இரண்டு காணியைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போய் ஒரு மில்லில் சேர்ந்தார். நாற்பது வயதுக்கு மேல் நூல் பிடிக்கக் கற்றுக்கொண்டார். மில் வாசலில் ஒருநாள் காலையில் எதிரே வந்தார். நான் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றேன். என்னைப் பார்த்தார், பார்க்காததுபோல் நடிக்கக்கூட இல்லை, பார்த்துவிட்டுக் கடந்து போனார்.

அடுத்த வருஷம் ஆடியில்தான் நடந்ததையெல்லாம் முசியேவுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. அடுத்த மாதமே ஐரோப்பாவில் சண்டை ஆரம்பித்துவிட்டது, கடிதம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ. புதிய தலைவரிடமும் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டு, வேலையைப் பார் என்றார். வேலையை விட்டுவிட்டேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். விடவில்லை. கல்யாணம் ஆகியிருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சண்டை வந்ததும் கப்பல் நின்றது, கப்பல் நின்றதும் தோட்டத்தை மூடினார்கள். பிறகு அரசாங்கப் பண்ணையில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கே மல்லாட்டையைப் பறிக்க வருகிற பெண்களோடு வயலில் உட்கார்ந்துகொள்வேன். பேரைக் கேட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பேன். அன்றைக்கு வந்த அந்தப் பெண்ணைப் பல இடத்தில் விசாரித்தேன். அரியாங்குப்பம் பக்கம் என்றார்கள், இல்லை, வேறு எங்கோ என்றார்கள். அகப்படவில்லை.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் பண்ணையில் இன்னொரு கொத்து ரகத்தைத் தேர்ந்தெடுத்தோம். முந்தையதைவிடத் தாமதமாக முதிரும். விதைப்பைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் மழையின் கடுமை தணிந்த பிறகு பறிப்பு வரும். இந்தத் தடவை பாதிப் பாத்தியை வேண்டுமென்றே பறிக்காமல் விட்டு, மழையில் நனையவைத்து, ஒவ்வொரு நாளும் தோண்டிப் பார்த்து எழுதினேன். மூன்று வருஷம் எழுதினேன். நல்ல விதை அது, சந்தேகமில்லை. எந்தெந்த ஊருக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது, கோவிந்தசாமியின் ஊருக்கு நான் போகிறேன் என்றேன்.

பிள்ளையார் கோயில் பக்கத்து மரத்தடியில் கூட்டம் போட்டோம். முப்பது பேர் வந்திருந்தார்கள். செங்கேணியும் வந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. மீதி இருந்த ஒரு காணியை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தசாமி மில்லில் இருந்தார்.

நான் விளைச்சலைப் பற்றி முதலில் பேசவில்லை. இந்த விதைக்கு உள்ள குறை இன்னின்னது என்று ஆரம்பித்தேன். காய் முதிர்ந்தபின் மழையில் ஒரு வாரம் நின்றால் முளைக்கும், இத்தனையாம் நாள் முதல் காயை உடைத்துப் பாருங்கள், உள்ளே கறுத்தால் யார் சொன்னாலும் நிற்காதீர்கள், நானே வந்து சொன்னாலும் கேட்காதீர்கள், முதல் வருஷம் கால் காணிக்குமேல் போடாதீர்கள், பழைய விதையைக் கைவிடாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில்தான் விளைச்சலைச் சொன்னேன்.

எல்லோரும் செங்கேணியைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு நல்லதா சொன்னே, எடுத்துக்கினோம்" என்றாள் அவள். "இன்னிக்குக் கெட்டதையும் சேத்துச் சொல்றே. நீ சொல்றது நெசம்னு தெரியுது. மனசார நம்பறோம்பா. ஆனா வெத வாண்டாம்."

கூட்டம் கலைந்தது. ஒருவர்கூட எடுக்கவில்லை. மூட்டைகளை வண்டியில் ஏற்றித் திரும்ப அனுப்பினேன். அறிக்கையில், எடுக்காததற்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில், காரணம் நான் என்று எழுதினேன். மேலே இருந்தவர் அதை அடித்துவிட்டு, குடியானவர்களின் அறியாமை என்று மாற்றினார்.

அதே விதை நெட்டப்பாக்கம் பக்கத்தில் நன்றாக வந்தது. எடுத்தவர்கள் இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் தாங்களாகவே கூடுதலாகப் போட்டார்கள். நான் ஓய்வு பெறுகிற வரையில் செங்கேணியின் ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் மார்கழியில் கொடி படர்ந்து கிடப்பதைப் பார்ப்பேன். காய் கொஞ்சம், உழைப்பு அதிகம். பக்கத்து ஊரில் பறிப்பு முடிந்து நிலம் அடுத்த பயிருக்குத் தயாராக இருக்கும். அந்தச் செங்கேணி குனிந்து கொடியைப் புரட்டிக்கொண்டிருப்பாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "இன்னா தம்பி, சௌக்கியமா?" என்று கேட்டாள். சௌக்கியம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.